பைத்தான் ஸ்கிரிப்ட் தான் இருக்கற ஃபோல்டர தானே கண்டுபிடிக்க வெக்கிறது எப்படி

போன குறுவைக்கு எங்க வீட்ல நடந்த விஷயம் இது. அப்பாவுக்கு மேட்டூர் நீர்மட்டம் தெனமும் தெரியணும். 120 அடி நெறஞ்சிருக்கா, ஜூன் 12க்கு தொறப்பாங்களா, இத வெச்சுத்தான் நாத்தங்காலுக்கு வெத எப்ப விடலாம்னு முடிவு பண்ணுவாங்க. டைரில எழுதிட்டு இருந்தவங்களுக்கு நான் சின்னதா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி குடுத்தேன், "இன்னிக்கு எத்தன அடி?"ன்னு கேக்கும், நம்பர அடிச்சா தேதியோட ஒரு சிஎஸ்வி ஃபைல்ல (கமா போட்டு பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்) கடைசி வரியா சேத்துரும், அவ்ளோதான். லேப்டாப்ல உபுண்டு, டெஸ்க்டாப்ல ஒரு ஐகான்.

ரெண்டு மாசம் கழிச்சு கிராஃப் போட்டு பாத்தா பாதி நாள காணோம். "நான் ஒரு நாள் விடாம போட்டேன்டா தம்பி"ன்னாங்க. நான் நம்பல, மறந்திருப்பீங்கன்னு சொல்லிட்டேன், அது இப்ப வரைக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஏன்னா அவங்க போட்டது அத்தனையும் ஹோம் ஃபோல்டர்ல அதே பேர்ல இன்னொரு ஃபைலா பத்திரமா இருந்துச்சு. நான் டெர்மினல்ல போட்டது மட்டும் ஸ்கிரிப்ட் பக்கத்துல இருந்துச்சு.

காரணம் இதுதான். "மேட்டூர்.சிஎஸ்வி"ன்னு வெறும் பேர மட்டும் குடுத்தா பைத்தான் அத ஸ்கிரிப்ட் இருக்கற எடத்துல தேடாது, நீங்க எங்க நின்னு ஓட்டுறீங்களோ அங்க தேடும். நம்ம பக்கம் எந்த ஊருக்கு போனாலும் ஒரு கீழத்தெரு இருக்குல்ல, மன்னார்குடில நின்னு கீழத்தெருன்னா ஒண்ணு, நீடாமங்கலத்துல நின்னு சொன்னா வேற ஒண்ணு. ஐகான தட்டுனா ஹோம்ல நிக்கும், கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானே ஓட்டுற வசதி) போட்டாலும் ஹோம்தான். படிக்கிறதுக்கு தொறந்திருந்தா ஃபைல் இல்லன்னு எரராவது வந்திருக்கும், நான் அப்பெண்ட் மோட்ல, அதாவது கடைசில சேக்குற மாதிரி, தொறந்ததால சத்தமே இல்லாம புதுசா ஒண்ண உண்டாக்கிருச்சு.

கீழ கோட வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துல குடுத்திருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க. இடம், கணக்குன்னு வர்ற வேரியபிள் பேர் மட்டும் தமிழ்லயே இருக்கலாம், பைத்தான் 3 ஏத்துக்கும், நான் அப்படித்தான் எழுதுறேன்.

1. ஃபைலோட தலைல இந்த வரி:

ஃப்ரம் பாத்லிப் இம்போர்ட் பாத்

கடைசி பாத்துக்கு மொத எழுத்து பெருசு. பாத்லிப்ங்கிறது ஃபைல், ஃபோல்டர் வழிய கையாள்றதுக்கான லைப்ரரி, பைத்தான் 3.4லேந்து கூடவே வருது, தனியா இன்ஸ்டால் பண்ண வேணாம்.

2. அடுத்து இது, இங்கதான் நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன்:

இடம் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்

__ஃபைல்__னா இந்த ஸ்கிரிப்ட் எந்த ஃபைல்ல இருக்குன்னு பைத்தானே வெச்சிருக்கற பேர். ஃபைலுக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், பின்னாடி ரெண்டு. சேந்து ஒரே கோடு மாதிரி தெரியும், நான் ஒண்ணுன்னு நெனச்சு அடிச்சு நேம் எரர் வாங்கிட்டு இருந்தேன். அத கொட்டேஷனுக்குள்ள போட்டுராதீங்க, போட்டா எரர் வராது, ஆனா அந்த பேர்ல ஒரு ஃபைல் இருக்கறதா நெனச்சு மறுபடி நீங்க நிக்கிற எடத்தையே குடுக்கும், இது ரொம்ப மோசம். ரிசால்வுக்கு ப்ராக்கெட் உண்டு, பேரன்ட்டுக்கு கெடையாது.

ரிசால்வ் முழு வழியையும் எடுத்து குடுக்கும். எங்க வயல் தண்ணிக்கு வழி கேட்டா மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, மூணாறு தலைப்பு, பாமணியாறு, அப்புறம் எங்க வாய்க்கால்னு சொல்லுவோமே அந்த மாதிரி. பேரன்ட்னா அதுல ஒரு படி மேல, வாய்க்கால்லேந்து பாமணியாத்துக்கு. இன்னும் ஒரு படி வேணும்னா இன்னொரு பேரன்ட் சேத்துக்கலாம்.

3.9க்கு முன்னாடி பைத்தான் வெச்சிருக்கவங்களுக்கு மெயின் ஸ்கிரிப்ட்டோட __ஃபைல்__ முழு வழியா வராது, நீங்க எப்படி ஓட்டுனீங்களோ அப்படியே வரும். அதனால இந்த வரிய ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே போட்டுருங்க, நடுவுல ஃபோல்டர மாத்திட்டு அப்புறம் கேட்டா தப்பா சொல்லும்.

3. கணக்கு = இடம் / "மேட்டூர்.சிஎஸ்வி"

சாய்கோடு கொட்டேஷனுக்கு வெளியதான் இருக்கணும். உள்ள பேருக்கு முன்னாடியும் ஒண்ணு போட்டீங்கன்னா இடத்த மொத்தமா தூக்கி எறிஞ்சுட்டு ரூட் ஃபோல்டருக்கு போயிரும். இனிமே ஓப்பன் பண்றப்போ வெறும் பேர் குடுக்காம கணக்குன்னு குடுங்க, கூடவே என்கோடிங் யுடிஎஃப்-8ன்னும் போட்டுருங்க, அது இல்லாததாலதான் விண்டோஸ்ல தமிழ் எழுத்து ஒடையுது.

சோதிக்க ப்ரிண்ட்(இடம்) போட்டு, வேற ஃபோல்டர்ல நின்னு ஓட்டி பாருங்க. ஐடில்ல (பைத்தானோட வர்ற எடிட்டர்) எஃப்5 அடிச்சு பாக்காதீங்க, அது தானே ஸ்கிரிப்ட் ஃபோல்டருக்கு போயிட்டுத்தான் ஓட்டும், தப்பா எழுதுனதும் சரியா ஓடும்.

ஓஎஸ் டாட் கெட்சிடபிள்யூடி போடச்சொல்லி நெறைய பேர் சொல்றாங்க, அது நிக்கிற எடத்த சொல்றது, வேண்டாம். சிஸ் ஆர்க்வி பூஜ்யம் மொதல்ல ஓட்டுன ஸ்கிரிப்ட்டத்தான் சொல்லும், நீங்க எழுதுனத இன்னொருத்தர் இம்போர்ட் பண்ணா தப்பாயிரும். முழு வழிய கையால அடிக்கிறது லேப்டாப் மாத்துற வரைக்கும்தான். ஓஎஸ் டாட் பாத் வெச்சும் இதே வேலைய செய்யலாம், ஆனா ப்ராக்கெட்டுக்குள்ள ப்ராக்கெட்டா போகும், புதுசா படிக்கிறவங்க பாத்லிப்ல ஆரம்பிங்கன்னுதான் சொல்லுவேன்.

பின்னாடி சேத்தது: ஜூப்பிட்டர் நோட்புக்ல (பிரவுசர்லயே கோட எழுதி ஓட்டுறது) நேம் எரர் வருதுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. நோட்புக்ல அந்த அண்டர்ஸ்கோர் ஃபைலே கெடையாது, அங்க இடம் = பாத்.சிடபிள்யூடி()ன்னு போட்டுக்கோங்க, பெரும்பாலும் நோட்புக் இருக்கற ஃபோல்டர்தான் வரும்.

இன்னொண்ணு: ஸ்கிரிப்ட்டுக்கு சிம்லிங்க் (வேற எடத்துலேந்து அத சுட்டிக்காட்டுற லிங்க்) போட்டு வெச்சிருந்தா ரிசால்வ் நெஜமான ஃபைல் இருக்கற எடத்துக்கு போயிரும். லிங்க் இருக்கற ஃபோல்டர்தான் வேணும்னா ரிசால்வ்()க்கு பதிலா அப்சல்யூட்().

கும்பகோணத்துலேந்து ஒரு அண்ணன் பைஇன்ஸ்டாலர்ல (ஸ்கிரிப்ட்ட தனியா ஓடுற புரோகிராமா மாத்துற டூல்) ஒரே எக்ஸியா மாத்துனதுக்கு அப்புறம் ஃபைல் காணோம்னு சொன்னாங்க. அப்படி மாத்துனா ஸ்கிரிப்ட் ஒரு தற்காலிக ஃபோல்டர்ல பிரிஞ்சு அங்கேந்துதான் ஓடும், நம்ம இடமும் அதையேதான் காட்டும், முடிஞ்சதும் அந்த ஃபோல்டர் அழிஞ்சிரும், எழுதுன கணக்கும் கூடவே போயிரும். எக்ஸிக்கு மட்டும் பாத்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்).பேரன்ட்னு மாத்திக்கோங்க, மேல சிஸ்ஸ இம்போர்ட் பண்ணிட்டு.