நேவிட்ரோம் டேட்டாபேஸைப் புது மெஷினுக்கு மாற்றிய பிறகு பாட்டெல்லாம் காணவில்லையா?

வீட்டில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேவிட்ரோம் சர்வரை (நம்மிடம் உள்ள பாட்டுகளை வீட்டிலிருந்தே ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருள்) ஒரு மினி பிசிக்கு மாற்றினேன். பாட்டுக் கோப்புகளை மாற்றுவது பெரிய வேலை இல்லை, காப்பி போட்டால் முடிந்தது. கவனம் தேவைப்படுவது டேட்டாபேஸுக்குத்தான். எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டோம், எதற்கு இதயக்குறி போட்டோம், அம்மாவின் பிளேலிஸ்ட்டில் எது எந்த வரிசையில் இருக்கிறது என்பதெல்லாம் நேவிட்ரோம்.டிபி என்ற அந்த ஒரே கோப்புக்குள் இருக்கிறது. பாட்டுக் கோப்பு போனால் சிடியிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இது போனால் போனதுதான்.

டாக்கரும் டெர்மினலும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சர்வரை நிறுவுவது எப்படி என்பதற்குள் போகப் போவதில்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டு, பாதிப் பாட்டு காணவில்லை என்று தேடி வந்தவர்களுக்கு முதலில் ஒன்று. அட்மின் பக்கத்தில் காணாமல் போன கோப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் உள்ள நீக்கு பட்டனை இப்போது தொடவே தொடாதீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கும்வரை, அந்தப் பாட்டுகளின் கணக்கு டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. நீக்கினால் கேட்ட எண்ணிக்கை, ரேட்டிங் எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், அடுத்த ஸ்கேனில் (நேவிட்ரோம் பாட்டு ஃபோல்டரை மறுபடி படிக்கும்போது) பாட்டுகள் தாமாகவே பட்டியலை விட்டு வெளியே வந்துவிடும்.

படி 1: பழைய சர்வரை நிறுத்திவிட்டு எடுங்கள்

நேவிட்ரோம் வைத்திருப்பது எஸ்கியூலைட் டேட்டாபேஸ். சர்வர் ஓடும்போது டேட்டா ஃபோல்டரைப் பார்த்தால் நேவிட்ரோம்.டிபி தவிர, அதே பெயரில் -வால், -எஸ்எச்எம் என்று முடியும் இரண்டு கோப்புகளும் இருக்கும். புதிதாக எழுதப்படுவது முதலில் -வால் கோப்புக்குள் போய், அப்புறம்தான் முதன்மைக் கோப்பில் சேரும். ஓடும் சர்வரிலிருந்து டிபி கோப்பை மட்டும் தூக்கி வந்தால், கடைசியாக நடந்தவை விடுபட்டுப் போகும்.

சர்வரை முறையாக நிறுத்தினால் -வால் கோப்பு பொதுவாக மறைந்துவிடும். நிறுத்திய பிறகும் அது இருந்தால், டிபியுடன் சேர்த்து அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றாமல். 0.54 பதிப்பிலிருந்து நேவிட்ரோமிலேயே பேக்கப் எடுக்கும் கட்டளை வந்துவிட்டது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் அது ஒழுங்கான நகலை எடுத்துத் தரும். என் விருப்பம் அதுதான். காப்பி போட ஆர்சிங்க் கட்டளை போதும். ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடுவதை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: புது மெஷினில் வைக்கும் முன் இடத்தைக் காலி செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் புது மெஷினில் சர்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழைய டேட்டாபேஸைக் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த ஒரு ஓட்டத்திலேயே காலி டேட்டாபேஸும் அதற்கான -வால் கோப்பும் உருவாகிவிடும். பழைய டிபியை அதன்மேல் எழுதினால், அந்தப் புது -வால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எஸ்கியூலைட் இரண்டையும் ஜோடி என்று நினைத்துத் திறக்கும். டேட்டாபேஸ் கெட்டுப்போக இது நேர்வழி. எனவே டேட்டா ஃபோல்டரில் நேவிட்ரோம்.டிபி என்று தொடங்கும் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, பிறகு வையுங்கள்.

வைத்ததும் எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் திறந்து இன்டெக்ரிட்டி செக் ஓட்டுங்கள். ஓகே என்று ஒரே சொல் வர வேண்டும். அப்புறம் மீடியா_ஃபைல் அட்டவணையில் எத்தனை வரிசை, அனோட்டேஷன் அட்டவணையில் எத்தனை வரிசை என்று எண்ணி, பழைய மெஷினில் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கேட்ட எண்ணிக்கையும் இதயக்குறியும் இருப்பது அனோட்டேஷனில்தான்.

படி 3: ஸ்கேனை அணைத்துவிட்டு முதல் ஓட்டம்

இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஸ்கேனர் எனேபிள்ட் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டு சர்வரைத் தொடங்குங்கள். பாதையோ அனுமதியோ தவறாக இருந்தால், ஸ்கேன் ஓடிய பிறகு சரிசெய்வதைவிட ஓடும் முன் சரிசெய்வது எளிது. பதிப்பும் இரண்டு மெஷினிலும் ஒன்றாகவே இருக்கட்டும். மாற்றி முடித்து எல்லாம் ஓடிய பிறகு அப்டேட் செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் லாகில் "அட்டெம்ப்ட் டு ரைட் எ ரீட்ஒன்லி டேட்டாபேஸ்" என்று வந்தால், டிபி கோப்பின் உரிமையாளரை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். எஸ்கியூலைட் அதே ஃபோல்டருக்குள் -வால் கோப்பை உருவாக்க வேண்டும். ஆகவே ஃபோல்டருக்கும் எழுதும் அனுமதி வேண்டும். கம்போஸ் கோப்பில் யூசர் 1000:1000 என்று இருந்தால், டேட்டா ஃபோல்டரும் அதற்குள் உள்ளவையும் அந்த 1000க்குச் சொந்தமாக இருக்க வேண்டும். பாட்டு இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்றால் உரிமையாளரை மாற்றும் கட்டளை அதில் பலிக்காது. மவுன்ட் செய்யும்போதே யூஐடி, ஜிஐடி (பயனர் எண், குழு எண்) கொடுக்க வேண்டும்.

பாதைக்கு ஒரு எளிய சோதனை: கன்டெய்னருக்குள் நுழைந்து மியூசிக் ஃபோல்டரில் எல்எஸ் போடுங்கள். வெளியே டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருந்தால் உள்ளே காலியாகத்தான் தெரியும். 0.55க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் கன்டெய்னருக்குள் தெரியும் பாதையை எழுத்துக்கு எழுத்து பழையபடியே வையுங்கள். அந்தப் பதிப்புகளில் பாட்டின் அடையாளமே முழுப் பாதையிலிருந்துதான் உருவாகிறது. 0.55இலிருந்து டேக் விவரங்களை (பாட்டுக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் தலைப்பு, ஆல்பம் போன்றவை) வைத்து அடையாளம் காண்பதால், இடம் மாறிய கோப்பையும் அது கண்டுகொள்ளும், டேக் ஒழுங்காக இருந்தால்.

படி 4: தமிழ்ப் பெயர்கள்

என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான். ஆங்கிலப் பெயருள்ள கோப்பெல்லாம் சரியாக வந்துவிட்டது. தமிழ்ப் பெயருள்ளவற்றில் சில வந்தன, சில வரவில்லை. எல்எஸ் போட்டால் ஃபோல்டர் கண்முன்னே இருக்கிறது. எம்3யு பிளேலிஸ்ட்டில் அதே பெயர் அதே மாதிரி எழுதியிருக்கிறது. ஆனால் இரண்டும் பொருந்தவில்லை.

வராதவற்றை வரிசையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எல்லாவற்றிலும் ஒகர, ஓகார உயிர்மெய் ஏதாவது ஒன்று இருந்தது. யூனிகோடில் "ொ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். "ோ", "ௌ" இரண்டுக்கும் இதே கதை. திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். என் சிடிகளில் பாதியை ஒரு பழைய மேக்கில் ஏற்றியிருந்ததால் இரண்டு வகையும் கலந்திருந்தன.

உறுதிப்படுத்த, ஃபோல்டர் பெயரை டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி பைட்டுகளை எண்ணுங்கள். "தொகுப்பு" என்ற பெயர் சேர்ந்த வடிவில் 24 பைட், பிரிந்த வடிவில் 27 பைட். இந்த 3 பைட் வித்தியாசம் போதும், கம்ப்யூட்டருக்கு அவை இரண்டும் வேறு வேறு ஃபோல்டர்கள்.

சரிசெய்ய கான்வ்எம்வி என்ற சிறிய கருவி இருக்கிறது. யூடிஎஃப்8இலிருந்து யூடிஎஃப்8க்கே மாற்றச் சொல்லி, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) என்ற விருப்பத்தைச் சேர்த்து, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து ஓட்ட வேண்டும். தானாக அது எதையும் மாற்றாது, எதை மாற்றப் போகிறது என்று மட்டும் காட்டும். பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு, நோடெஸ்ட் விருப்பத்தோடு மறுபடி ஓட்டினால்தான் உண்மையில் பெயர் மாறும். எம்3யு கோப்புகளுக்கு உள்ளே இருக்கும் வரிகளை அது தொடாது; அவற்றை யூகான்வ் கருவியில் தனியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

டேக்கே இல்லாத கோப்புகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். டேக்கில் தலைப்பு இல்லையென்றால் நேவிட்ரோம் கோப்புப் பெயரையே தலைப்பாக எடுத்துக்கொள்ளும். பெயர் மாறினால் அடையாளமும் மாறிவிடும். அதனால் என்எஃப்சிக்கு மாற்றும் முன், அந்தப் பாட்டுகள் டேட்டாபேஸில் எந்த வடிவில் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். டேக் போட மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் நல்ல கருவி. ஆனால் டேட்டாபேஸ் மாற்றுகிற அதே நாளில் டேக்கையும் மாற்ற வேண்டாம். எதனால் எது நடந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

படி 5: ஸ்கேன்

ஸ்கேனரைத் திரும்ப இயக்கி முழு ஸ்கேன் ஒன்று கொடுங்கள். காணாமல் போனவை பட்டியலில் இன்னும் சில மிஞ்சினால், ஒவ்வொன்றின் பாதையையும் டிஸ்க்கில் தேடிப் பாருங்கள். உண்மையிலேயே அழித்த பாட்டு என்று உறுதியானால் மட்டும் நீக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டவற்றை இங்கேயே சேர்க்கிறேன். ஒருவருக்குப் பாட்டெல்லாம் வந்துவிட்டது, ஆனால் எந்தப் பயனராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பழைய சர்வரில் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் கீ என்ற அமைப்பில் சொந்தச் சாவி கொடுத்திருந்தார். அது இருப்பது கம்போஸ் கோப்பில், டேட்டாபேஸோடு வராது. அதே சாவியைப் புது மெஷினிலும் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவருக்கு "டேட்டாபேஸ் இஸ் லாக்ட்" என்று அடிக்கடி வந்தது. டேட்டா ஃபோல்டரை நாஸ் பெட்டியின் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சேமிப்புப் பெட்டி) நெட்வொர்க் ஷேரில் வைத்திருந்தார். பாட்டுகள் நாஸில் இருக்கலாம், தவறில்லை. டேட்டாபேஸ் சர்வர் ஓடும் மெஷினின் சொந்த டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த -வால் முறை நெட்வொர்க் வழியாக வேலை செய்யாது.

கைபேசியில் சிம்ஃபோனியம் என்ற பாட்டுக் கேட்கும் செயலி வைத்திருப்பவர்கள், சர்வர் முகவரியை மாற்றிய பிறகு ஒரு முழு சிங்க் கொடுங்கள். அது தனக்கென்று ஒரு பட்டியலைக் கைபேசிக்குள் வைத்திருப்பதால், அதுவரை பழைய நிலவரத்தைத்தான் காட்டும்.