பஸ்ஸில் இயர்போனா? சத்த அளவை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்

மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் நாகர்கோவில் வடசேரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். எஞ்சின் இரைச்சல், ஹாரன், போதாததற்கு டிரைவர் போடும் பாட்டு. இதையெல்லாம் மிஞ்ச, நம் கட்டைவிரல் தானாகவே சத்தத்தைக் கூட்டும். இயர்போன் சத்தம் 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் போய்வருகிறவருக்கு அது செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும்!

சரி, வீடு அமைதியாக இருக்கும்போதே எவ்வளவு சத்தம் வைத்தால் போதும் என்று பார்த்து, போன் செட்டிங்ஸில் அதற்கு மேல் போகாதபடி வரம்பு போடுங்கள். பஸ்ஸில் கேட்கவில்லையா, கழற்றிவிடுங்கள். தக்கலைப் பக்கம் வேளிமலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். இறங்கிய பிறகும் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைந்தால் அன்றைக்கு இயர்போன் பையிலேயே கிடக்கட்டும். மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.