டிரெய்லரில் குடித்தனம் போட நினைக்கும் நம்மூர்ப் புதுத் தம்பதிகளுக்கு

லீவுக்கு செல்லூர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் அமெரிக்காவுக்குப் புதிதாகப் போயிருக்கும் நம் மதுரைப் பிள்ளைகள் மூன்று பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள், "அக்கா, வாடகை கட்டி மாளல, உங்கள மாதிரி நாங்களும் டிரெய்லருக்குப் போயிரலாமா?" என்று. தாராளமாகப் போகலாம். நானும் அவரும் டெக்சாஸில் நான்காவது வருடமாக, வண்டிக்குப் பின்னால் கோத்து இழுக்கும் டிரெய்லரையே வீடாக்கி, அப்படித்தான் இருக்கிறோம்.

இடம் பற்றாதே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்களுடையது சரக்கு ஏற்றும் டிரெய்லரை வீடாக மாற்றியது, ஏழடிக்குப் பதினாறடி, மொத்தம் 112 சதுர அடி. அம்மா கல்யாணமாகி வந்தது கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வளவில் ஒற்றை அறைக்கு, அதில் ஆறு பேர். பாயைச் சுருட்டினால் கூடம், விரித்தால் படுக்கையறை. அப்படி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம், இடத்தைச் சமாளித்துவிடுவோம்.

எங்களைப் படுத்தியது ஈரம். குக்கரில் சோறு, பக்கத்தில் சாம்பார், ராத்திரி முழுக்க இரண்டு பேர் விடும் மூச்சு, இத்தனை ஆவியும் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த தகரச் சுவரில் தண்ணீராகப் படிந்து சொட்டும். முதல் டிசம்பரில் ஒருநாள் மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை முழுக்கக் கறுப்பாகப் பூசணம், விரலை வைத்தால் வழுக்குகிறது. அழுதேவிட்டேன். அப்புறம்தான் கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன், சுவருக்குள் நுரைப் பலகை, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டம் எல்லாம் போட்டோம். இதையெல்லாம் குடியேறும் முன்பே செய்துவிடுங்கள். குளிருகிறதே என்று ஜன்னல்களை ஒட்ட அடைத்துவிட்டுச் சமைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள், அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

கரண்ட் விஷயம் சுலபம். ஆர்வி பார்க்கில், அதாவது இந்த மாதிரி வண்டிவீடுகளை வாடகைக்கு நிறுத்தும் இடத்தில், பெரும்பாலும் 30 ஆம்ப், 120 வோல்ட், அதாவது 3600 வாட். ஏசி, இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஊரிலிருந்து மிக்ஸி தூக்கிவராதீர்கள், நம்முடையது 230 வோல்ட். அஞ்சறைப் பெட்டியும் இட்லித் தட்டும் போதும்.

கழிவுத் தண்ணீருக்கு இரண்டு தொட்டி: கக்கூஸுக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று. காலி செய்யும்போது கக்கூஸ் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், அடுத்ததன் தண்ணீர் அதே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். குழம்பு எண்ணெய் தொட்டியில் போனால் நாறும், தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

வண்டி வாங்கும் முன்பே நிறுத்த இடம் பேசி முடியுங்கள். நாங்கள் வாங்கிவிட்டுத் தேடினோம், கையால் மாற்றிய டிரெய்லரைச் சேர்ப்பதில்லை என்று இரண்டு பார்க்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர் வீட்டுத் தோட்டம்தானே என்றும் நினைக்காதீர்கள், பல ஊர்களில் அப்படிக் குடியிருக்க நகராட்சி விடாது. விசாவில் இருப்பவர்கள் முகவரி மாறிய 10 நாளுக்குள் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவம் போட்டுத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி எடுத்துக் கொடுக்கும் எச்-1பி வேலை விசா என்றால் வேலை பார்க்கும் இடமும் விசாவோடு கட்டுப்பட்டது, கம்பெனி வக்கீலைக் கேட்காமல் வேறு ஊருக்கு வண்டியை நகர்த்தாதீர்கள்.

சரி, சண்டை வந்தால்? கோபித்துக்கொண்டு போக அடுத்த அறை கிடையாது. ஒற்றை அறையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று முந்தாநாள் அம்மாவைக் கேட்டேன். "கெணத்தடில போயி ஒக்காந்துக்குவேன், ஒங்கப்பா அந்தப் பக்கமே வரமாட்டாரு" என்றாள். எங்களுக்கு அந்தக் கிணற்றடி, கதவுக்கு வெளியே கிடக்கும் மடக்கு நாற்காலி. ஒருவர் அதில் போய் உட்கார்ந்துவிட்டால் மற்றவர் பேச்சுக் கொடுக்கக் கூடாது. டீயைப் போட்டு முடித்த பிறகு, கதவைத் திறந்து டம்ளரை நீட்டலாம்.