மகளிர் உலகக் கைப்பந்து சாம்பியன்ஷிப்: ஓர் அணியின் தகுதியை நாமே கணக்கிடுவது எப்படி?

மகளிர் உலகக் கைப்பந்து சாம்பியன்ஷிப்பில் எந்தெந்த நாடுகள் ஆடப்போகின்றன என்பதை அறிய, இறுதிப் பட்டியல் வெளியாகும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி விதிகளையும், அவற்றை எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டால், ஒரு தாளில் எழுதியே பெரும்பாலான இடங்களை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். 2025-இல் தாய்லாந்து நடத்திய போட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். 32 அணிகள் ஆடிய முதல் மகளிர் உலகப் போட்டி அதுதான். அதற்கு முந்தைய 2022-ஆம் ஆண்டுப் போட்டியில் 24 அணிகளே இருந்தன. 2018 வரை இதற்கெனவே கண்டந்தோறும் தனித் தகுதிச் சுற்றுகள் நடந்துவந்தன. அந்த முறை இப்போது இல்லை.

முதலில் தாளின் மேற்பகுதியில் இரண்டு பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று போட்டியை நடத்தும் நாடு, மற்றொன்று நடப்புச் சாம்பியன். 2025-இல் இவை முறையே தாய்லாந்தும், 2022-இல் பட்டம் வென்ற செர்பியாவும் ஆகும். இந்த இரு அணிகளும் வேறெந்தப் போட்டியின் முடிவையும் நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் இவை தத்தம் கண்டப் போட்டிகளில் வழக்கம்போல் ஆடுகின்றன, அங்கே முன்னணி இடங்களையும் பிடிக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. கணக்கில் பலரும் தடுமாறும் இடம் இதுவே.

இரண்டாவது படி கண்டப் போட்டிகள். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றோடு, வட அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பும் உண்டு. இந்த ஐந்து கூட்டமைப்புகளுக்கும் தலா மூன்று இடங்கள், ஆக மொத்தம் 15 இடங்கள். முதல் மூன்று இடங்களைப் பெற்ற அணிகள் என்று இதைச் சுருக்கமாகச் சொல்வது வழக்கம் என்றாலும், விதியின் உண்மையான பொருள் வேறு: ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட அணிகளை நீக்கிய பின், எஞ்சியவற்றுள் முதல் மூன்று அணிகளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இந்தச் சிறு வேறுபாடு எவ்வளவு பெரிய விளைவைத் தருகிறது என்பதற்கு 2023-ஆம் ஆண்டு ஆசியப் போட்டியே சான்று. அதில் தாய்லாந்து முதலிடமும், சீனா இரண்டாமிடமும், ஜப்பான் மூன்றாமிடமும் பெற்றன. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்ற வியட்நாம் நான்காவதாக நின்றது. போட்டியை நடத்தும் நாடாகத் தாய்லாந்து தனியே இடம் பெற்றதால், ஆசியாவின் மூன்று இடங்கள் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் வியட்நாமுக்கும் போய்ச் சேர்ந்தன. வியட்நாம் மகளிர் அணி முதன்முறையாக உலகப் போட்டியில் ஆடியது இவ்வாறுதான். ஐரோப்பாவிலும் இதே நிலை. 2023-இல் துருக்கி பட்டம் வெல்ல, செர்பியா இரண்டாமிடத்திலும் நெதர்லாந்து மூன்றாமிடத்திலும் வந்தன. செர்பியா ஏற்கெனவே தகுதி பெற்றிருந்ததால் நான்காமிடம் பெற்ற இத்தாலிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அந்த இத்தாலிதான் 2025 செப்டம்பரில் பாங்காக் இறுதியாட்டத்தில் துருக்கியை 3–2 என்ற செட் கணக்கில் வென்று உலகச் சாம்பியன் ஆனது. எனவே ஒரு கண்டப் போட்டியைப் பார்க்கும்போது, பதக்கம் வென்ற அணிகளோடு கணக்கை நிறுத்திவிடாமல் நான்காம், ஐந்தாம் இடங்களையும் குறித்துக்கொள்வது அவசியம்.

மற்ற மூன்று கூட்டமைப்புகளில் இத்தகைய சிக்கல் எழவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கென்யா, எகிப்து, கேமரூன். தென் அமெரிக்காவிலிருந்து பிரேசில், அர்ஜென்டினா, கொலம்பியா. வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கூட்டமைப்பிலிருந்து டொமினிக்கன் குடியரசு, அமெரிக்கா, கனடா ஆகியவை நேரடியாக வந்தன.

இப்போது தாளில் 17 பெயர்கள் இருக்கும். எஞ்சிய 15 இடங்கள் உலகத் தரவரிசையால் நிரப்பப்படுகின்றன. சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனத்தின் தரவரிசைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, தாளில் உள்ள பெயர்களை அடித்துவிட்டு, எஞ்சியவற்றுள் முதல் 15 அணிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை எளிதுதான், ஆனால் அந்தத் தரவரிசை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், ஆண்டு முழுவதும் நடக்கும் ஆட்டங்களின் பொருள் விளங்கும்.

2020 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி பெறும் புள்ளியை எதிரணி அப்படியே இழக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே, இரு அணிகளும் வைத்திருக்கும் புள்ளிகளைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் முடிவு ஓர் எண்ணாகக் கணிக்கப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும் உண்மையான முடிவுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. 3–0 என்ற வெற்றிக்கு 2, 3–1 என்ற வெற்றிக்கு 1.5, 3–2 என்ற வெற்றிக்கு 1; தோற்ற அணிக்கு அவையே கழித்தல் குறியோடு. உண்மையான எண்ணிலிருந்து எதிர்பார்க்கப்பட்ட எண்ணைக் கழித்து, வரும் விடையைப் போட்டியின் எடையால் (அதன் முக்கியத்துவத்துக்கேற்ப வைத்துள்ள எண்ணால்) பெருக்கி, எட்டால் வகுத்தால் புள்ளி மாற்றம் கிடைக்கும். ஒலிம்பிக்கின் எடை 50, உலகச் சாம்பியன்ஷிப்பின் எடை 45, ஆண்டுதோறும் நடக்கும் நேஷன்ஸ் லீக்கின் எடை 40.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நேஷன்ஸ் லீக்கில் ஓர் அணியின் எதிர்பார்க்கப்பட்ட எண் 1 என்று வைத்துக்கொள்வோம். அது 3–1 என வென்றால் 1.5-இலிருந்து 1-ஐக் கழித்து, 40-ஆல் பெருக்கி, எட்டால் வகுக்க, கிடைப்பது 2.5 புள்ளி. அதே அணி 2–3 எனத் தோற்றால் இழப்பது 10 புள்ளி. எதிரணியின் பக்கமிருந்து பார்த்தால், 0–3 எனத் தோற்கும்போது 5 புள்ளிகளை இழக்கும் அந்த அணி, ஒரு செட்டை வென்று 1–3 எனத் தோற்றால் 2.5 புள்ளிகளை மட்டுமே இழக்கிறது. தோல்வி உறுதியான பின்னும் ஒரு செட்டுக்காக வீராங்கனைகள் உயிரைக் கொடுத்து ஆடுவதற்கு மானம் ஒரு காரணம் என்றால், இந்தப் புள்ளிக் கணக்கும் ஒரு காரணம்.

தரவரிசை காப்பாற்றிய அணிக்குப் போலந்தைச் சொல்லலாம். 2023 ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில் துருக்கியிடம் தோற்று வெளியேறிய அந்த அணி, 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் நேஷன்ஸ் லீக்கில் வெண்கலம் வென்று சேர்த்த புள்ளிகளோடு எளிதாக உள்ளே வந்தது. தரவரிசை கைவிட்ட அணி தென் கொரியா. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற அந்த அணியிலிருந்து அதன் நட்சத்திர வீராங்கனை கிம் யோன் கோங் விடைபெற்ற பின், 2022-இலும் 2023-இலும் நேஷன்ஸ் லீக்கில் ஆடிய 24 ஆட்டங்களிலும் அது தோற்றது. ஆசியப் போட்டியிலும் முதல் நான்கு இடங்களுக்குள் வராததால் 2025 உலகப் போட்டியின் இரு வாயில்களும் அதற்கு மூடிக்கொண்டன.

பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின் இருந்த 2024-ஆம் ஆண்டுத் தரவரிசையைக் கொண்டு நிரப்பிய 15 இடங்களில் 12 இடங்கள் ஐரோப்பாவுக்கே போயின. மற்ற மூன்றை புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, மெக்சிகோ ஆகியவை பெற்றன. ஆசியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ இந்த வழியில் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. வலுவான எதிரணிகளோடு அடிக்கடி ஆடும் அணிகளுக்கே புள்ளி சேர்க்கும் வாய்ப்பு அமைவதால், இந்த ஏற்பாடு ஐரோப்பாவுக்குச் சாதகமாகவே இருக்கிறது என்பது என் கருத்து. 1952-இல் மாஸ்கோவில் நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் ஆடிய எட்டு அணிகளுள் இந்தியாவும் ஒன்று என்பதை நினைக்கும்போது, இன்று ஓர் ஆசிய அணி கடக்க வேண்டிய தொலைவு மனத்தை வருத்துகிறது.

விதிவிலக்கான சூழ்நிலைகளிலும் தரவரிசையே கைகொடுக்கிறது. 2021 ஆசியப் போட்டி பெருந்தொற்றால் நடக்காமல் போனபோது, 2022-க்கான ஆசிய இடங்கள் தரவரிசைப்படி சீனாவுக்கும் ஜப்பானுக்கும் தரப்பட்டன. அந்த 2022 போட்டியிலிருந்து ரஷ்யா விலக்கப்பட்டதும் குரோஷியா உள்ளே வந்தது.

உலகப் போட்டி இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதால், அடுத்த தாளை 2027-க்கு எழுத வேண்டும். மேலே அமெரிக்கா, கனடா என்று நடத்தும் நாடுகள் இரண்டையும், நடப்புச் சாம்பியனாக இத்தாலியையும் எழுதுங்கள். 2026 கண்டப் போட்டிகளிலிருந்து 15 இடங்கள் போக, தரவரிசைக்கு எஞ்சுபவை 14. ஐரோப்பாவில் இத்தாலி முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் நான்காமிடமும் தகுதி தரும். அமெரிக்காவும் கனடாவும் பதக்கம் வென்றால் அவர்களுடைய கூட்டமைப்பில் ஐந்தாமிடம்கூடத் தகுதி தரும். ஆசியாவில் நீக்குவதற்கு இம்முறை பெயர் எதுவும் இல்லை. ஆகவே வியட்நாம் மீண்டும் நான்காமிடம் பெற்றால் அதுமட்டும் போதாது. சீனா, ஜப்பான், தாய்லாந்து ஆகிய மூன்றில் ஒன்றையாவது அது முந்த வேண்டும், இல்லையேல் தரவரிசையில் அந்த 14 அணிகளுக்குள் நிற்க வேண்டும்.