கான்கிரீட் மூடுவதற்கு முன்னால் போனை எடுங்கள்

திருச்சிப் பக்கம் வீடுகளும் சின்னக் கடைக் கட்டடங்களும் கட்டிக்கொடுக்கிறேன். டிஜிட்டலுக்கு மாற நினைக்கும் கான்ட்ராக்டர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பிளானில் இருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு வீட்டில் பீமின் அடிக்கம்பியை இரண்டில் இருந்து மூன்று 16 எம்எம் என்று திருத்தியிருந்தோம். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ஆனால் மேஸ்திரி கையில் இருந்தது பழைய பிரிண்ட். கான்கிரீட் போட்ட மறுநாள்தான் தெரிந்தது. உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். இப்போது பிளான் பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் வைத்து, அதன் லிங்க்கை க்யூஆர் கோடாக்கி, லேமினேட் செய்து சிமெண்ட் ஷெட் கதவில் ஒட்டிவிடுகிறேன். திருத்தம் வந்தால் தனி ஃபைலாகப் போடாமல், அதே ஃபைலுக்குப் புதிய பதிப்பாக ஏற்றுங்கள். லிங்க் மாறாது, ஒட்டிய கோடும் மாறாது. யார் ஸ்கேன் செய்தாலும் கடைசிப் பிளான்தான் திறக்கும்.

அடுத்தது போட்டோ. இதில் மட்டும் சோம்பல் கூடாது. கான்கிரீட் மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரரால் கண்ணால் பார்க்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு பில்லருக்கும், பீமுக்கும் மூன்று படம்: தூரத்தில் இருந்து ஒன்று, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளியில் டேப்பை வைத்து ஒன்று, கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் இருக்க வைக்கும் சின்னக் கட்டை) தெரியும்படி ஒன்று. பில்லர் நம்பரையும் தேதியையும் சிலேட்டில் எழுதி ஓரமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்து டேப் எண் மங்கிப்போகும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். எண் தெளிவாகத் தெரியாமல் ஜல்லியைக் கலக்க நான் விடுவதில்லை.

அப்புறம் போன் காலண்டர். சிலாப் போட்ட அன்றே நினைவூட்டல்களைப் போட்டுவிடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கணக்குப்படி சாதா ஓபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள் தண்ணீர் விட வேண்டும். சிலாப்பைத் தாங்கும் முட்டு, ஓபிசி என்றால் 4.5 மீட்டர் வரை ஸ்பானுக்கு (சிலாப்பைத் தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடைப்பட்ட தூரம்) 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். பிபிசிக்கு இன்னும் கூட்டித்தான் வைப்பேன். கான்கிரீட் கட்டியை நசுக்கி வலுவைப் பார்க்கும் கியூப் டெஸ்டுக்கு 7-வது, 28-வது நாள். முட்டைப் பிரிக்கச் சொல்லிச் சென்ட்ரிங்காரர் அவசரப்படுத்தும்போது இந்தத் தேதியைத்தான் காட்டுவேன்.

கம்பி லோடுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். எம்எம்மில் இருக்கும் கம்பியின் விட்டத்தை (குறுக்களவை) அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 எம்எம்முக்கு 1.58. 12 மீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 19 கிலோ. கம்பியை எண்ணி, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லோடை இறக்க விடாதீர்கள்.

மேஸ்திரியை மட்டும் ஷீட்டில் டைப் அடிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் மேஸ்திரி சாயங்காலம் வாய்ஸ் மெசேஜில் "இன்னைக்கு சிமெண்ட் பதினெட்டு மூட்டை போச்சு சார்" என்று சொல்வார், நான் ஏற்றிக்கொள்வேன்.