உறைபனி தாங்கும் சதைப்பற்றுச் செடிகளைத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

தடித்த இலைகளிலும் தண்டுகளிலும் நீரைச் சேமித்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகள் என்றதும் சன்னலோரத்துத் தொட்டிகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவற்றுள் ஒரு பிரிவு, பனி உறையும் குளிர்காலத்திலும் வெளியில், தரையிலேயே வாழக்கூடியது. இச்செடிகள் குளிரால் மடிவதைவிட, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரத்தால் அழுகி மடிவதே மிகுதி. ஆகவே தொடக்கத்தில் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி, நீர் தங்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதல் படி: செடியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது செம்பர்விவம். ஐரோப்பாவின் மலைப்பகுதிகளில் பாறையிடுக்குகளில் வளரும் இது, ரோஜா இதழ்களைப் போல இலைகளை வட்டமாக அடுக்கிக்கொண்டு தரையோடு ஒட்டி வளரும். ‘என்றும் உயிருள்ளது’ என்பது இந்த இலத்தீன் பெயரின் பொருள். இதன் ஓர் இனத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ‘டெக்டோரம்’, அதாவது ‘கூரைகளுக்குரியது’, என்று பெயரிட்டார். ஐரோப்பிய வீடுகளின் கூரைகளில் மக்கள் இதை வளர்த்துவந்தார்கள். கூரையில் கிடைக்கும் ஒரு கைப்பிடி மண் போதும் என்றால், இதற்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்து, தரையில் படரும் சீடம் வகைகள் எளியவை. எச்செவெரியாவும் பெரும்பாலான கற்றாழைகளும் உறைபனியைத் தாங்கமாட்டா. எச்செவெரியா பார்வைக்குச் செம்பர்விவத்தைப் போலவே இருப்பதால், வாங்கும்போது பெயரைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: இடமும் மண்ணும்

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடமாக இருக்கட்டும். அங்கே ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நீரை நிரப்பி, அது வடிந்தபின் மறுமுறை நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் இடம் ஏற்றது. மறுநாளும் நீர் நின்றால், அந்த மண்ணோடு போராடாமல், தரைமட்டத்துக்கு மேலே 20 சென்டிமீட்டர் உயரத்தில் மேட்டுப்பாத்தி அமையுங்கள்.

தோட்டமண் ஒரு பங்குக்குப் பொடிச் சரளையோ பெருமணலோ ஒரு பங்கு சேர்த்து, முழுவதும் சீராகக் கலக்க வேண்டும். குழியின் அடியில் மட்டும் சரளையைப் பரப்பினால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுள்ள சரளைக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலடுக்கு முற்றிலும் நனைந்து ஊறும்வரை அங்கேயே, வேரைச் சுற்றியே, தங்கிவிடும். களிமண்ணில் நுண்மணலைச் சிறிதளவு கலப்பதும் பயன் தராது, இறுகிப்போகும்.

மூன்றாம் படி: நடுதல்

வசந்தகாலம் மிகவும் ஏற்றது. அப்போது நட்டால், குளிர் வருமுன் வேர் நன்றாகப் பிடித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த செடியின் வேரில் ஒட்டியுள்ள நார்க்கலவையை விரலால் உதிர்த்துவிடுங்கள்; சுற்றியுள்ள மண் உலர்ந்தபின்னும் அந்தக் கலவை ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அடியிலைகள் மண்ணில் புதையாதவாறு நட்டு, இலைகளுக்கடியில் சிறுசரளையை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள்.

நான்காம் படி: நீரும் உரமும்

வேர் பிடிக்கும் முதல் சில வாரங்களில், மண் காய்ந்த பிறகு மட்டும் நன்றாக நீர் ஊற்றுங்கள். பின்னர் நீண்ட வறட்சியில் ஊற்றினால் போதும். இச்செடிகளில் பல, பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமித்துக்கொள்வதால் மிகக் குறைந்த நீரையே இழக்கின்றன. உரம் பெரும்பாலும் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலைகள் மென்மையாகி, பனியிலும் அழுகலிலும் எளிதில் சிக்கும்.

தொடர்ந்த பராமரிப்பு

குளிர்காலத்தில் நீர் ஊற்ற வேண்டியதில்லை. மேலே விழுந்து கிடக்கும் சருகுகளை மட்டும் அவ்வப்போது அகற்றுங்கள். அவற்றின் அடியில் ஈரம் தங்கும். குளிரில் செம்பர்விவத்தின் இலைகள் சற்றுச் சுருங்கி, பல வகைகளில் செந்நிறமாக மாறும். அது நோயன்று.

அடியிலைகள் காகிதம்போல் உலர்ந்தால் அது இயல்பான முதிர்ச்சி. மெல்ல இழுத்து எடுத்துவிடலாம். கண்ணாடிபோல் ஊடுதெரிந்து, தொட்டால் கொழகொழப்பாக இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. உடனே செடியைத் தோண்டியெடுத்து, கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, வெட்டுவாயை இரண்டு மூன்று நாள் உலரவிட்டுப் புதிய சரளைமண்ணில் நடுங்கள்.

செம்பர்விவத்தின் ஓர் இலைவட்டம் பூத்தால், பூ முடிந்ததும் அது காய்ந்துபோகும். முதன்முறை காண்பவர்கள் வருந்துவது இயல்பே. ஆனால் அதற்குள் அதைச் சுற்றிப் பக்கக்கன்றுகள் முளைத்திருக்கும். அவற்றைத் தாயோடு இணைக்கும் மெல்லிய தண்டு தானே காய்ந்ததும் கன்றுகளைப் பிரித்து, காய்ந்த தாய்ச்செடியைப் பிடுங்கிய இடத்திலேயே ஒன்றை நட்டுவிடலாம்.