வீட்டில் ஃபிலிம் ஸ்கேன்: கணினி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிலிம் ஸ்கேன் செய்யக் கணினி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி. பணத்தைக் கடைசியாகப் போட வேண்டிய இடம் அது. ஸ்கேன் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்கேனருக்குள் ஊர்ந்து போகும் சென்சார். கணினி எத்தனை வேகமானதாக இருந்தாலும் அது தன் வேகத்தில்தான் நகரும். 36 படம் கொண்ட ஒரு ரோலை நல்ல தரத்தில் முடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். அப்பா காலத்து ரோல்கள் அலமாரியில் ஐம்பது, நூறு என்று இருந்தால் மாதக்கணக்கான வேலை. ஆகவே ஒரே ஃபிலிமை இரண்டாம் முறை ஸ்கேன் செய்யும் நிலை வராதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாம் முறைக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

பழைய ஸ்கேனரும் புதிய கணினியும்

பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் நல்ல விலைக்கு நிக்கான் கூல்ஸ்கேன் ஃபிலிம் ஸ்கேனர் கிடைக்கிறது என்றால், வாங்கும் முன் அதன் பின்பக்கத்தைப் படம் அனுப்பச் சொல்லுங்கள். கூல்ஸ்கேன் 5 (இடி), 5000 மாடல்களில் யூஎஸ்பி இருக்கும். 4000, 8000, 9000 மாடல்கள் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறையில் ஓடுபவை. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. எத்தனை அடாப்டரை அடுக்கினாலும் ஸ்கேனர் தெரியாது. விண்டோஸ் மேசைக் கணினி என்றால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்த வசதி கிடையாது.

மென்பொருளிலும் இதே சிக்கல்தான். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து 32-பிட் மென்பொருள்கள் ஓடுவதில்லை. ஸ்கேனரோடு வந்த சிடியை நம்பியிருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேன் மென்பொருள்கள் இரண்டில் ஒன்று உங்கள் மாடலை ஆதரிக்கிறதா என்று அவற்றின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் மடிக்கணினி வைத்திருந்தால், அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி ஒன்று இருந்தால், அதை இணையத்தில் இணைக்காமல் ஸ்கேனருக்கென்றே ஒதுக்குவது நல்ல ஏற்பாடு.

ஜப்பானிலிருந்து வரவழைத்த ஸ்கேனராக இருந்தால் மின்னடாப்டரின் மீதுள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். ‘100–240’ என்று இருந்தால் கவலையில்லை. ‘100’ மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் செருகிய மறுகணம் கதை முடிந்துவிடும். முஸ்தஃபா கடையில் வாங்கும் மூன்று முள் பிளக் மாற்றி, துளையின் வடிவத்தைத்தான் மாற்றும்; வோல்ட்டேஜை மாற்றாது. இன்னொன்று: ஸ்கேனரை மலிவான யூஎஸ்பி ஹப் வழியாக இணைக்காதீர்கள். பாதி ஸ்கேனில் தொடர்பு அறுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

அட்டைப்பெட்டி சொல்லும் டிபிஐ

எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று போட்டிருக்கும். சென்சார் அத்தனை புள்ளி எடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் லென்ஸ் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. 35 மிமீ படம் ஒன்றை 6400 டிபிஐயில், 48-பிட்டில் (மூன்று நிறச் சேனலுக்கும் 16 பிட் வீதம்) எடுத்தால் கோப்பு சுமார் 330 எம்பி. 3200-இல் எடுத்தால் 82 எம்பி. நான்கு மடங்கு இடமும் அதிக நேரமும் கொடுத்து, கூடுதலாகப் பெறுவது மங்கல் மட்டுமே.

உங்கள் ஸ்கேனரின் உண்மையான எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது. கூர்மையாக விழுந்த ஒரு படத்தை, கடைப்பலகை எழுத்து தெரியும் ஏதாவது ஒன்றை, 2400, 3200, 6400 மூன்றிலும் ஸ்கேன் செய்யுங்கள். சிறியவற்றைப் பெரியதன் அளவுக்கு விரித்து அருகருகே வையுங்கள். எந்தப் படிக்கு மேல் எழுத்தில் புதிதாக ஒன்றும் தெரியவில்லையோ அங்கே நின்றுகொள்ளுங்கள். பழைய ஸ்டூடியோ பிரிண்ட்டுகளுக்கு 600 டிபிஐ தாராளம்.

மூன்று அளவிலும் மங்கலாக இருந்தால் ஃபிலிம் ஃபோக்கஸ் உயரத்தில் இல்லை என்று பொருள். வி600-இல் தானியங்கி ஃபோக்கஸ் கிடையாது. ஃபிலிமைத் தாங்கும் ஹோல்டரின் நான்கு மூலைகளிலும் மெல்லிய அட்டைத் துண்டு ஒட்டி, ஒவ்வொரு துண்டாகக் கூட்டி, ஃபிலிமின் கிரெயின் (நுண்துகள்) எப்போது தெளிகிறது என்று பாருங்கள்.

நெகட்டிவில் நடக்கும் பெரிய தவறு

கலர் நெகட்டிவை ‘ஆட்டோ’வில் விட்டு, 8-பிட் ஜேபெக்காகச் சேமிப்பது. எல்லாவற்றிலும் அதிகச் சேதம் இதில்தான். நெகட்டிவின் ஆரஞ்சு நிறப் பூச்சு நீல ஒளியைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் நீலச் சேனலில் பதியும் தகவல் குறைவு. போதாததற்கு, நெகட்டிவின் மொத்த ஒளி–நிழல் வித்தியாசமும் ஒரு சிறிய வரம்புக்குள் அடங்கியிருக்கும். அதைத் தலைகீழாக்கிப் பாசிட்டிவ் ஆக்கும்போது அந்தச் சிறிய வரம்பை இழுத்து விரிக்கிறோம். 8-பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான்; நீலத்துக்கு அதிலும் ஒரு பகுதியே மிஞ்சும். இழுத்தால் வானம் பட்டை பட்டையாகத் தெரியும், நிழலில் இருக்கும் முகங்களில் திட்டுத் திட்டாக மஞ்சள் படரும். நம் மாநிற முகங்களில் இது சட்டென்று தெரிந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

ஆட்டோவின் தொல்லை வேறு வகை. அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடைபோடும். தீபாவளி விளக்கலங்காரத்தில் சிராங்கூன் சாலையை எடுத்த இரவுப் படத்தையும், அதே ரோலில் மறுநாள் காலை வீட்டு வாசலில் எடுத்த படத்தையும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்துக்கு இழுக்கும். விளக்கின் மஞ்சள் போய்விடும். ரோல் முழுக்க நிறம் தாவிக்கொண்டே இருக்கும்.

வியூஸ்கேனில் இதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. மீடியாவைக் கலர் நெகட்டிவ் என்று வையுங்கள். ரோலின் தொடக்கத்தில், அல்லது இரண்டு படங்களுக்கு நடுவில், ஒளிபடாத வெற்று ஃபிலிமைத் தேர்ந்தெடுத்து பிரிவ்யூ செய்யுங்கள். ‘லாக் எக்ஸ்போஷர்’ பெட்டியைக் குறியிடுங்கள். மீண்டும் ஒரு பிரிவ்யூ. பிறகு ‘லாக் ஃபிலிம் பேஸ் கலர்’ பெட்டி. இனி அந்த ரோல் முழுவதும் ஒரே அளவுகோலில் போகும். ரோல் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். ஒரே பிராண்ட் ஃபிலிமாக இருந்தாலும் டெவலப் செய்த கடையைப் பொறுத்து அடிநிறம் மாறும்.

சேமிப்பதை ரா கோப்பாக, அதாவது ஸ்கேனர் பதிந்ததை மாற்றாமல், 48-பிட்டில் சேமியுங்கள். ஸ்கேனரில் தூசியைக் கண்டுபிடிக்கும் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) ஒளி இருந்தால் 64-பிட். தூசித் தகவலும் கூடவே பதிந்துவிடும். நிறத்தை மாற்றத் தோன்றினால் பிறகு ஃபிலிமைத் தொடவே வேண்டாம். வியூஸ்கேனில் ஸ்கேனருக்குப் பதிலாக அந்தக் கோப்பையே மூலமாகக் கொடுக்கலாம். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அதன் துணைமென்பொருளான நெகட்டிவ் லேப் புரோவில் மாற்றலாம். காசு செலவழிக்க விருப்பமில்லையென்றால் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. வெற்று ஃபிலிமின் நிறத்தை எடுக்க ஓர் ஓரம் தேவைப்படும் என்பதால், படத்தின் விளிம்பை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேனர் மென்பொருளின் ஷார்ப்பனிங், கிரெயின் குறைப்பு, நிற மீட்பு மூன்றையும் அணைத்துவிடுங்கள். எடிட்டிங்கில் செய்தால் திரும்பப் பெறலாம், ஸ்கேனில் செய்தால் முடியாது.

டிஜிட்டல் ஐஸ் எனப்படும் தூசி நீக்கும் வசதியைக் கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஒருபோதும் போடாதீர்கள். கலர் ஃபிலிமின் சாயங்களை ஊடுருவும் இன்ஃப்ராரெட் ஒளி, கருப்பு வெள்ளையின் வெள்ளித் துகள்களில் நின்றுவிடும். மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கத் தொடங்கும். தாத்தாவின் மீசையும் சட்டைப் பொத்தான்களும் மெழுகு பூசியது போல வருவது இதனால்தான். இல்ஃபர்ட் எக்ஸ்பி2 போல, கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப் ஆகும் கருப்பு வெள்ளைக்கு மட்டும் ஐஸ் போடலாம். கோடாக்குரோம் ஸ்லைடிலும் ஐஸ் தடுமாறும்.

இரவு ஏழு மணிக்கு மஞ்சளாகும் மானிட்டர்

விண்டோஸின் நைட் லைட், மேக்கின் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இவற்றை ஃபிலிம் எடிட் செய்யும் கணினியில் நிரந்தரமாக அணைத்துவிட வேண்டும். ‘சூரிய அஸ்தமனம் முதல்’ என்று வைத்திருந்தால், சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத் திரை மெல்ல மஞ்சளாகும். மாற்றம் மெதுவாக நடப்பதால் கண் பழகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எடிட் செய்பவர் படம் மஞ்சளாக இருக்கிறதென்று நீலத்தைக் கூட்டுவார். காலையில் பார்த்தால் எல்லோர் முகமும் நீலம்பாய்ந்திருக்கும்.

கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதில் சரியாகத் தெரியும் படம் பிரிண்ட்டில் இருட்டாக வரும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் திரை ஒன்றும், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபிரேட்டர் ஒன்றும் வாங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடித்த பணம் இதற்குத்தான். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 கேண்டெலா. வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் சன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள். பக்கவாட்டில் வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, தினமும் ஒரே விளக்கொளியில் வேலை செய்தால் நிறம் நிலைக்கும்.

எடிட்டிங் சேனலுக்கு 16-பிட்டில், அடோபி ஆர்ஜிபி அல்லது புரோஃபோட்டோ என்ற விரிந்த நிறவெளியில் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் பிரிண்ட் கடைக்கும் போகும் நகலை மட்டும், எல்லாத் திரைக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக்காக மாற்றுங்கள். மாற்றாமல் அனுப்பினால் சிவப்புப் பட்டுப்புடவை வெளிறித் தெரியும்.

இடமும் நகலும்

4000 டிபிஐ, 64-பிட் என்றால் 35 மிமீ படம் ஒன்று சுமார் 170 எம்பி. ஒரு ரோல் 6 ஜிபிக்குச் சற்று மேல். நூறு ரோலுக்கு 600 ஜிபியைத் தாண்டும். எடிட் செய்த கோப்புகள் தனி. ரேம் 16 ஜிபியில் ஓட்டலாம், மீடியம் ஃபார்மட் (35 மிமீயைவிடப் பெரிய ஃபிலிம்) ஸ்கேனில் லேயர்களோடு வேலை செய்வதென்றால் 32 வேண்டும். நடப்பு வேலைக்கு 1 டிபி எஸ்எஸ்டி, சேமிப்புக்கு இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க். அவற்றில் ஒன்று வேறு வீட்டில், அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ இருக்க வேண்டும். மேகச் சேமிப்பில் ஒத்திசைவு மட்டும் போதாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். கூகுள் ஃபோட்டோஸின் ‘ஸ்டோரேஜ் சேவர்’ 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிவிடும், அது மூலப்படியாகாது.

கோப்பின் தேதியாக ஸ்கேன் செய்த நாளே பதியும் என்பதால், படம் எடுத்த ஆண்டைத் திருத்திவிடுங்கள். ரோல் எண், பட எண் இரண்டும் கோப்புப் பெயரில் வரட்டும். அதே ரோல் எண்ணை நெகட்டிவ் உறையிலும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்பதைத் தமிழில் யூனிகோடில் தட்டச்சு செய்து கோப்பின் விளக்கப் பகுதியிலேயே சேருங்கள். பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்தால் வேறு கணினியில் வெறும் குப்பையாகத் தெரியும். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்பது மிக முக்கியம்.

ஈரமும் தூசியும்

ஸ்கேன் செய்யும்போது கூரை மின்விசிறியை நிறுத்துங்கள். றெக்கை மேல் தங்கிய தூசி நேராக ஃபிலிமில்தான் இறங்கும். ஃபிலிமைக் கைக்குட்டையால் துடைக்காமல் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமும் சேர்ந்து போய்விடும்.

நம் ஊர் ஈரத்தில் ஃபிலிம் வளைந்து கண்ணாடியைத் தொட்டால், தொட்ட இடத்தில் வண்ண வளையங்கள் விழும். பளபளப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டும்போது வருவது இது. ஹோல்டருக்கு ஆன்டி நியூட்டன் கண்ணாடி வாங்கிப் பொருத்தினால் தீரும். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஃபிலிமை உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்களை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் டிரை கேபினெட்டில் வையுங்கள். ஸ்கேனரையும் மூடிவைத்த அலமாரியில் மாதக்கணக்கில் கிடத்தாதீர்கள். கண்ணாடியின் உட்புறத்தில் பனிபடர்ந்தது போல மங்கல் பிடிக்கும்.

மொத்தப் பெட்டியையும் தொடங்கும் முன் ஒரே ஒரு ரோலை எடுத்து ஸ்கேன், எடிட், அக்கம்பக்கக் கடையில் 4ஆர் பிரிண்ட் வரை கொண்டுபோங்கள். பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பொருந்தினால் அமைப்பு சரி. அடுத்து, டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிமின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. இந்த வெப்பத்தில் அது வேகமாகப் பரவும், பக்கத்து ஃபிலிமையும் பாதிக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்து, வரிசை பார்க்காமல் முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள்.